குப்பைக்குழியும் பாறைக்குழியும்



இந்த வாரம் சோளத்தட்டு அறுப்பு பற்றி எழுதறதா போன பதிவில் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது. காரணம், போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சாளைக்கு வந்த ஒரு புரோக்கர் தம்பி.

எங்க காட்டோட வடகோடியில் ஒரு பழைய பாறைக்குழி இருக்கு. 80 சென்ட். எனக்கும் என் பெரியப்பா மகன் அண்ணனுக்கும் கூட்டுப் பட்டா. அதுக்காகத்தான் வந்திருந்தார்.

"குழியைச் சும்மா வெச்சிருந்து என்னங்கண்ணா பண்ணப் போறீங்க? லாரி நம்மகிட்ட இருக்குது. உங்களுக்கு நயா பைசா செலவில்லாம மூடித் தந்தர்றோம். மேல ரெண்டடி மண் அடிச்சா, ரெண்டு வருசத்துல சைட்டு போட்டுறலாம்."

"எதை வெச்சுத் தம்பி மூடுவீங்க?"

"குப்பைதானுங்க. குப்பைக்கும் ஒரு குழி வேணும், குழிக்கும் குப்பை வேணும்."

அண்ணனுக்கு அது நியாயமாப் பட்டது. எனக்குப் படலை. ஆனா ஏன்னு கேட்டப்போ பதில் சொல்ல வரலை. ராத்திரி கட்டில்ல படுத்து யோசிச்சப்போதான், இந்த ஒரு குழிக்குப் பின்னால ஐம்பது அறுபது வருசக் கதை இருக்குன்னு தெரிஞ்சது. அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்தான். நேர்ல பேசினா சண்டையாயிரும், அதனால எழுதிடறேன். நீங்களும் கூட இருந்து கேளுங்க.

குப்பைன்னா எரு

எங்க பக்கம் 'குப்பை'ன்னா முதல்ல மனசுக்கு வர்றது எருதானுங்க. "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?" "இந்த வருசம் குப்பை பத்தலை, பட்டி போட்டாத்தான் ஆச்சு." இப்படித்தான் பேச்சு. குப்பை பத்தலைன்னு கவலைப்பட்ட சனம் நாங்க.

அப்பாரு காலத்தில் ஒவ்வொரு சாளைக்குப் பக்கத்திலும் ஒரு குப்பைக்குழி இருக்கும். இடுப்பளவு ஆழம் இருந்தா அதிகம். கட்டுத்தரையில் கூட்டுன சாணி, மாடு தின்னு கழிச்ச தட்டு, அடுப்புச் சாம்பல், வேப்பந்தழை, எல்லாம் அதில்தான் விழும். சித்திரை வைகாசியில் வண்டி கட்டி அள்ளிக் காட்டுல கொண்டு போய்க் கும்பி கும்பியாக் கொட்டுவாங்க. முதல் மழை பேஞ்சதும் இறைச்சு விட்டு உழவு. குழி மறுபடி காலி.

அப்பாருக்கு எண்பது வயசு வரைக்கும் அந்த ஒரே குழிதான். ரெண்டாவது குழி வெட்ட வேண்டிய அவசியமே வரலை. இந்த விசயத்தை அண்ணன் ஞாபகம் வெச்சுக்கணும். ஒரு குழி எவ்வளவு கொள்ளும்ங்கறது அதோட ஆழத்தை மட்டும் பொறுத்ததில்லைங்க. அது எத்தனை தடவை காலியாகுதுங்கறதையும் பொறுத்தது.

டவுன்லயும் ஒரு காலத்தில் இதே கணக்குதான் ஓடுச்சு. ஆல்பர்ட் ஹோவர்ட்னு ஒரு ஆங்கிலேய விஞ்ஞானி 1920-களில் இந்தூரில் இருந்துக்கிட்டு, நம்ம விவசாயிகளோட எருக்குழி முறையை ஒழுங்குபடுத்தி 'இந்தூர் முறை'ன்னு உலகத்துக்குச் சொன்னார். அதுக்கப்புறம் ஆச்சார்யாங்கறவர் 'பெங்களூர் முறை' கொண்டு வந்தார். நகரத்துக் குப்பையையும் மனுசக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காப் போட்டு மக்க வெக்கிற வழி அது. 1940-களில் நாட்டில் சோத்துப் பஞ்சம் வந்து, 'அதிக உணவு பயிரிடு'ன்னு அரசாங்கம் இயக்கம் நடத்தினப்போ, நகராட்சிகளை உரம் தயாரிக்கச் சொன்னாங்க. தமிழ்நாட்டில் இன்னைக்கும் நகராட்சி குப்பை கொட்டற இடத்துக்கு அரசாங்கக் காகிதத்தில் 'உரக்கிடங்கு'ன்னு பேர் வர்றதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்துப் பேர் அப்படியே நின்னு போச்சு. உரம்தான் போயிருச்சு.

என்ன ஆச்சு? 1980-களுக்கு அப்புறம் பாலித்தீன் கவர் வந்துச்சு. குப்பையில் கண்ணாடியும் பேட்டரியும் கலந்துச்சு. ஒரு பக்கம் யூரியா மூட்டை மலிவாக் கிடைச்சுது. கிடங்குல இருந்து குப்பை எடுக்க வந்த வண்டி நின்னுச்சு. காலியாகிக்கிட்டிருந்த குழி, நிரம்பிக்கிட்டே போற குழியா மாறுச்சு. பேர் மட்டும் மாறலை.

கல்லு மேல போச்சு, குழி கீழ வந்துச்சு

இப்ப பாறைக்குழி கதைக்கு வர்றேன்.

திருப்பூர் நகராட்சி ஆனது 1917-ல். 1961 சனத்தொகைக் கணக்குல 80 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1991-ல் 2.35 லட்சம். 2001-ல் 3.44 லட்சம். முப்பது வருசத்தில் மூணு மடங்கு, நாற்பது வருசத்தில் நாலு மடங்குக்கு மேல. பனியன் கம்பெனி, நிட்டிங், சாயப்பட்டறை, காஜா பட்டன், பிரிண்டிங், அதில் வேலை செய்ய வந்த சனம், அவங்க குடியிருக்க லைன் வீடு, அத்தனைக்கும் அஸ்திவாரக் கல்லும் ஜல்லியும் எங்கிருந்து வந்துச்சு? நெருப்பெரிச்சல், பொங்குபாளையம், முதலிபாளையம்னு சுத்து வட்டாரத்து ஊர்களில் இருந்துதான். நம்ம மண்ணு ரெண்டு முழம் தோண்டினா பாறை தட்டற மண்ணு. விவசாயத்துக்கு அது கஷ்டம். கல்லு வேணுங்கறவனுக்கு அது லாபம்.

எங்க குழியை முதல்ல தோண்ட விட்டது அப்பாருதான். கிணத்துக்குக் கட்டுக்கல் வேணும்னு ஆரம்பிச்சது. அப்புறம் டவுன்ல இருந்து ஆள் வந்தாங்க, கம்ப்ரசர் வந்துச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு "வெடி, வெடி"ன்னு சத்தம் கேட்டா அம்மா எங்களை இழுத்து வீட்டுக்குள்ள உட்கார வெப்பாங்க. ஓட்டு மேல சின்னக் கல் வந்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கு. இருபது வருசத்துக்கு மேல எடுத்தாங்க. நாற்பது அடி போனதும் பக்கவாட்டில் ஊத்துக் கசிய ஆரம்பிச்சுது. தண்ணி இறைச்சுக் கல்லு எடுக்கறது கட்டுப்படியாகலைன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. அண்ணே, அந்த ஊத்தை மறந்துறாதீங்க. கடைசியில் அதுக்குத்தான் வருவேன்.

அதுக்கப்புறம் மழைத்தண்ணி நின்னுச்சு. ஆடு மேய்க்கிறவங்களுக்கு ஆச்சு. நாம ரெண்டு பேரும் அதில் குதிச்சு அடி வாங்குனோம். யாரும் அதைக் குழின்னு நினைக்கலை, குட்டைன்னுதான் நினைச்சோம்.

வர்றதுக்குத் திட்டம், போறதுக்கு இல்லை

நம்ம டவுன் திட்டமே போடாம வளர்ந்த ஊருன்னு சொன்னா அது தப்பு. தண்ணிக்குப் போட்டாங்க. 1990-களில் ஆரம்பிச்சு, 2006 வாக்கில் புதிய திருப்பூர் தண்ணீர்த் திட்டம் ஓட ஆரம்பிச்சுது. நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர்ற அளவுக்குக் கட்டினாங்க. கம்பெனியோட ஒப்பந்தமே 30 வருசத்துக்கு. சனம் எவ்வளவு கூடும், பட்டறைக்கு எவ்வளவு வேணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டாங்க.

உள்ளே வர்றதுக்குப் போட்ட கணக்கை வெளியே போறதுக்கு யாரும் போடலை. சாயத்தண்ணி கதை எல்லாருக்கும் தெரியும். 1992-ல் கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டின அணை, சாயத்தண்ணித் தொட்டி ஆச்சு. கீழ்ப்பகுதி விவசாயிகள் அந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்கன்னு கேட்கற நிலைமை வந்துச்சு. கடைசியில் 2011 சனவரி மாசம் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னப்போதான் டவுனே திரும்பிப் பார்த்தது. அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்புன்னு வந்தது. அதிலயும் மிஞ்சற கசடையும் உப்பையும் மூட்டை கட்டி எங்கே வெக்கிறதுங்கற கேள்வி கூடவே வந்துச்சு.

திடக்குப்பைக்கும் சட்டம் இல்லாம இல்லைங்க. 1994-ல் சூரத்தில் பிளேக் வந்து நாடே நடுங்குச்சு. 1996-ல் அல்மித்ரா பட்டேல்ங்கற அம்மா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. அதோட பலனா 2000 செப்டம்பரில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்துச்சு. அந்த விதியில் ரெண்டு தேதியை மட்டும் சொல்றேன். எதிர்காலத்துக்கான குப்பை நிலத்தைக் கண்டுபிடிச்சுத் தயார் பண்ண 2002 டிசம்பர் 31. குப்பையைப் பதப்படுத்தற வசதி செய்ய 2003 டிசம்பர் 31. குப்பை நிலம் 20 முதல் 25 வருசத்துக்குத் தாங்கற அளவில் இருக்கணும்னும் அதில் எழுதியிருக்கு. நாட்டில் பெரும்பாலான ஊர்களில் இந்தத் தேதிகள் வந்துச்சு, போச்சு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த 2002-ல் திருப்பூருக்கு மூணரை லட்சம் சனம். சுத்திலும் காடு சும்மா கிடந்துச்சு. ஏக்கர் விலை இன்னைக்கு மாதிரி இல்லை. 25 வருசத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தா, அந்தக் கெடுவே இப்பத்தான் முடியப் போகுது.

ஊராட்சி போய் மாநகராட்சி

2008 சனவரியில் திருப்பூர் மாநகராட்சி ஆச்சு. அடுத்த வருசம் தனி மாவட்டம். 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் ரெண்டு நகராட்சியும், எங்க நெருப்பெரிச்சல் உட்பட எட்டு ஊராட்சியும் மாநகராட்சியோடு சேர்ந்துச்சு. 27 சதுர கிலோமீட்டரா இருந்த ஊர் 159 ஆச்சு. 2011 கணக்குப்படி பழைய எல்லைக்குள்ள 4.44 லட்சம் சனம், புது எல்லைக்கு 8.77 லட்சம். ஒரே அரசாணையில் டவுனோட குப்பை ரெட்டிப்பு.

ஊராட்சியா இருந்த காலத்தை நான் பெருமையாச் சொல்ல வரலைங்க. அப்ப குப்பை வண்டியே கிடையாது. பள்ளத்தில் கொட்டுவோம், வாய்க்கால் ஓரம் கொளுத்துவோம். வெளியூர்ச் சொந்தக்காரங்க "பேர்லயே நெருப்பு எரியற ஊரு"ன்னு கேலி பண்ணுவாங்க. பொழுதோட அந்தப் புகையைப் பார்த்தா கேலின்னு சொல்ல முடியாது.

இன்னொன்னையும் ஒப்புக்கறேன். இருபது வருசத்துக்கு முன்னால, தடத்து ஓரம் இருந்த ஒரு பள்ளத்தை மூட நானே நாலு லோடு குப்பை இறக்கச் சொன்னவன். லோடுக்கு ஒரு பைசா கேட்கலை. நமக்கு லாபம்னுதான் நினைச்சேன். கட்டிங் வேஸ்ட், எலாஸ்டிக், பாலிபேக், நூல் கோன், அதோட யார் வீட்டுச் சோத்து மிச்சமோ. மேல மண்ணும் அடிச்சேன். ரெண்டு மழையில் மண்ணு உள்வாங்கிப் பள்ளம் திரும்பி வந்துச்சு. எங்க வெள்ளாடு ஒண்ணு வயிறு உப்பிச் செத்தது. கீறிப் பார்த்தா பாலித்தீன் கவர் உருண்டை. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் ஏர் ஓட்டினா கொழு முனையில் எலாஸ்டிக் சுத்திக்கிட்டு வருது. அது நாலு லோடு. புரோக்கர் தம்பி சொல்றது எத்தனை லோடு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அதை யாராவது கணக்குப் போட்டாங்களான்னு தெரியாம, நானே உட்கார்ந்து போட்டேன். கிராவல் வாங்கின எல்லாருக்கும் யூனிட் கணக்குத் தெரியும். 100 கன அடி ஒரு யூனிட்.

நம்ம குழி 80 சென்ட். ஆழம் 40 அடி. சென்டுக்கு 435.6 சதுர அடி. பெருக்கினா ஏறக்குறைய 13,900 யூனிட். லாரியில் கொட்டினபடியே, மிதிக்காம விட்ட குப்பை ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.4 டன் வரும். ஆக, குழி மொத்தமும் 19,500 டன் பிடிக்கும். அதுவும் நாலு பக்கமும் செங்குத்தா இருந்தாத்தான்.

திருப்பூரில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேருது? பேப்பரில் ஒரு சமயம் 600 டன்னு போடறாங்க, ஒரு சமயம் 800 டன்னு போடறாங்க. நான் குறைச்சு 500-னே வெச்சுக்கறேன்.

19,500-ஐ 500-ஆல் வகுத்தா 39.

அண்ணே, 39 நாள். அப்பாரு காலத்தில் இருந்து இருபது வருசத்துக்கு மேல வெடி வெச்சு எடுத்த குழி 39 நாளில் நிரம்பிரும். நாற்பதாவது நாள் லாரி எங்கே போகும்? பக்கத்துக் குழிக்கு. அது முடிஞ்சா அடுத்த ஊர்க் குழிக்கு. இதைக் கேட்டா, 2025-ல் பேப்பரில் ஏன் காளம்பாளையம், நெருப்பெரிச்சல், முதலிபாளையம், இடுவாய் சின்னக்காளிபாளையம்னு ஊர்ப் பேர் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துச்சுன்னு புரியும். ஒவ்வொரு ஊர்லயும் சனம் ரோட்டுக்கு வந்தாங்க, விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கொட்ட இடமில்லாதப்ப டவுன் வீதியில் குப்பை நாள்கணக்கில் தேங்கி நின்னுச்சு.

இப்ப இன்னொரு கணக்கு. விதியில் சொன்னபடி 20 வருசத்துக்கு இடம் வேணும்னா? இன்னைக்கு 500 டன், வருசத்துக்கு நூத்துக்கு மூணு கூடுதுன்னு வெச்சுக்குவோம். நம்ம டவுன் வளர்ந்த வேகத்துக்கு இது அதிகமில்லை. 20 வருசத்துக்குச் சுமார் 49 லட்சம் டன் வரும். மிசின் வெச்சு நல்லா அமுக்கினாலும், 50 அடி உயரத்துக்கு 100 ஏக்கர் வேணும். சுத்தி விட வேண்டிய இடம் தனி.

அதே ஊரு, அதே சனம். ஆனா மக்கறதை மக்க வெச்சு, விக்கறதை வித்து, எதுக்கும் ஆகாத அஞ்சில் ஒரு பங்கு மட்டும் கிடங்குக்குப் போனா? 20 ஏக்கர் போதும்.

100 ஏக்கருக்கும் 20 ஏக்கருக்கும் நடுவில் இருக்கற 80 ஏக்கர் யாரோட காடு? நம்ம மாதிரி ஒருத்தரோடதுதான்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறதில்லை. தில்லியில் காஜிப்பூர் கிடங்கு 1984-ல் ஆரம்பிச்சது. 2002-லயே நிரம்பிருச்சுன்னு சொன்னாங்க. வேற இடம் இல்லைன்னு அதுக்கப்புறமும் கொட்டினாங்க. 2017 செப்டம்பரில் சரிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்க. அதே வருசம் ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்னைக்கு, கொழும்பு பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகள் மேல விழுந்து 32 பேர் போனாங்க. நம்ம கோயமுத்தூர் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடிச்சு நாள்கணக்கில் எரிஞ்சதை எல்லாரும் பார்த்தோம். எங்கேயும் ஒரே கதைதான். கொள்ளளவு முடிஞ்சதுக்கப்புறம் அடுத்த இடம் தேடறாங்க.

குழியோட அடி

"சரி, குழியில் போட்டா மலையாகாதே, சரியாதே"ன்னு அண்ணன் கேட்டார். அந்த ஊத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

முறையா குப்பை புதைக்கறதுன்னு ஒண்ணு உலகத்தில் இருக்கு. 1937-லயே அமெரிக்காவில் ஃபிரெஸ்னோங்கற ஊர்ல செஞ்சாங்க. பள்ளம் வெட்டி, குப்பையைக் கொட்டி, அமுக்கி, அன்னன்னைக்கே மண் மூடறது. நம்ம 2000 விதியும் அதைத்தான் இன்னும் கறாராச் சொல்லுச்சு. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதுக்கு மேல ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, குப்பையில் இருந்து வடியற சாறை எடுக்கக் குழாய், தினமும் 10 சென்டிமீட்டர் மண். நிலத்தடி நீர்மட்டம் அடியில் இருந்து ரெண்டு மீட்டராவது கீழ இருக்கணும். மூடினதுக்கு அப்புறமும் 15 வருசம் கவனிக்கணும். 2016-ல் வந்த விதி, குடியிருப்பு, குளம், குடிநீர்க் கிணறு இதில் இருந்தெல்லாம் 200 மீட்டர் தள்ளி இருக்கணும்னு சொல்லுச்சு.

இப்ப நம்ம குழியைப் பாருங்க. வெடி வெச்ச பாறை. அதில் விரிசல் எது, ஊத்துக்கண் எதுன்னு யாருக்குத் தெரியும்? கொங்கு நாட்டில் தண்ணி இருக்கறதே பாறை இடுக்கில்தான். களிமண் பூமியில் கசிவு மெதுவாப் போகும். விரிசல் பாறையில் அப்படி நிக்காது, குழாயில் ஓடற மாதிரி ஓடிரும். குழிக்குள்ள ஊத்து வந்த வழி, சாறு வெளியே போற வழியும்தான். நம்ம கிணறு குழியில் இருந்து எட்டிப் பார்க்கற தூரம். போர் ஆயிரம் அடி போட்டாலும் இதே பாறையைத் துளைச்சுத்தான் போட்டிருக்கு.

இன்னொரு விசயமும் சேர்ந்திருக்கு. ஐம்பது அறுபது வருசமாக் கேட்டுக்கிட்டிருந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிருச்சு. 1,916 கோடி ரூபாய்த் திட்டம். பவானி உபரித் தண்ணியை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வந்து நிலத்தடி நீரை ஏத்தறதுதான் நோக்கம். நீர்மட்டம் ஏறணும்னுதான் நம்ம அப்பா காலத்தில் இருந்து எல்லாரும் போராடினோம். ஏறும்போது அது முதல்ல வந்து தொடற இடம் எது? பாறைக்குழியோட அடி. அங்கே குப்பை இருந்தா, மழை மேல இருந்து நனைக்கும், நீர்மட்டம் கீழ இருந்து நனைக்கும். அறுபது வருசம் காத்திருந்து வாங்கின தண்ணியில் நாமே டிக்காசன் போட்ட கணக்குத்தான்.

எங்க வீட்டுக் குப்பையும் அதில்தான்

இதையெல்லாம் எழுதிட்டு "டவுன்காரங்க குப்பை எங்க ஊருக்கு வேண்டாம்"னு முடிச்சா அது யோக்கியமில்லைங்க. நாங்களும் இப்ப டவுன்தான். எனக்கே ஏழு லைன் வீடு இருக்கு. விவசாயம் படுத்த வருசத்திலெல்லாம் அந்த வாடகைதான் சோறு போட்டது. ஒடிசா, பீகார், தெற்குச் சீமைன்னு ஏழு குடும்பம். அவங்க குப்பையும் என் வீட்டுக் குப்பையும் சேர்ந்துதான் அந்த லாரியில் போகுது. முதலிபாளையத்துல ரோட்டுல உட்கார்ந்த ஒருத்தர் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டா நான் என்ன சொல்ல முடியும்?

கேரளாவில் ஆலப்புழை நகரக் குப்பையை சர்வோதயபுரம்ங்கற கிராமத்தில் கொட்டிக்கிட்டிருந்தாங்க. 2012-ல் கிராமத்துச் சனம் லாரியை மறிச்சு நிறுத்திட்டாங்க. டவுன் நாறிப் போச்சு. அதுக்கப்புறம் அங்கே வேற குழி தேடறதை விட்டுட்டு, வீட்டுக்கு வீடு மக்க வெக்கிற ஏற்பாடு, தெருவுக்குத் தெரு காற்றோட்டமான உரத்தொட்டின்னு ஆரம்பிச்சாங்க. பிளாஸ்டிக்கைத் தனியா வாங்கினாங்க. நம்ம டவுன்ல அஞ்சில் ஒரு பங்குதான் சனம், பனியன் கழிவும் கிடையாது, அதனால அப்படியே இங்கே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆலப்புழைக்காரங்க குழியைக் காலி பண்ற வழியைத் தேடினாங்க, அது எங்க அப்பாரு கணக்கு.

ஆலப்புழையே ஆனாலும் எதுக்கும் ஆகாத மிச்சம் இருக்கும். அதுக்கு இடம் வேணும், 20 ஏக்கரோ 25 ஏக்கரோ. அந்த இடத்தை ஊர் வளர்றதுக்கு முன்னால, பகல்ல, அக்கம்பக்கத்துக்காரங்களைக் கூப்பிட்டு வெச்சுப் பேசி, விரிப்புப் போட்டு, கிணத்துத் தண்ணியை வருசா வருசம் சோதிச்சுக் காட்டறோம்னு எழுதிக் கொடுத்து வாங்கணும். ராத்திரி லாரி வந்து நின்னதுக்கப்புறம் பேசினா எந்த ஊரும் ஒத்துக்காது, ஒத்துக்கவும் கூடாது.

இப்ப நடந்தது

இது எழுத ஆரம்பிச்ச மூணாவது நாள், அண்ணனைக் கூட்டிக்கிட்டுக் குழிக்குப் போனேன். கயித்துல கல்லைக் கட்டி விட்டு ஆழம் பார்த்தோம். தண்ணி இருந்ததால அடி வரைக்கும் ரெண்டு தடவை விட வேண்டியதாயிருச்சு. 40 அடிக்கு ஒரு முழம் குறைவு. 39 நாள் கணக்கையும் சொன்னேன். அண்ணன் ஒண்ணும் பேசலை. "சைட்டுப் போட்டா சென்டுக்கு எவ்வளவு போகும் தெரியுமா"ன்னு மட்டும் கேட்டார். தெரியும். பத்திர ஆபீஸ் நம்ம ஊர்லயே இருக்கு, தெரியாம இருக்குமா. அந்தப் பணத்தை வேண்டாம்னு சொல்றது எனக்கும் லேசா இல்லை. சின்னவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்.

நேத்து அண்ணி சொன்னாங்க, புரோக்கர் போன் பண்ணினப்போ அண்ணன் "தை கழியட்டும் தம்பி, பார்க்கலாம்"னு சொன்னாராம். வேண்டாம்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. தை வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு.

அதுக்குள்ள லைன் வீட்டுக்கு முன்னால ரெண்டு டிரம் வெச்சிருக்கேன். ஒண்ணுல சோறு, காய்கறித் தோல், மீன் முள்ளு மட்டும். அது அப்பாரோட குப்பைக்குழிக்குப் போகுது. முதல் வாரம் பாதிக்குப் பாதி கவரும் டயாபரும்தான் வந்துச்சு, நானே கையுறை போட்டுப் பொறுக்கினேன். ரெண்டாவது வாரம் ஒடிசாக்காரத் தம்பி வீட்டுக்கார அம்மணி மத்தவங்களைச் சத்தம் போட்டுச்சு, இப்ப பரவாயில்லை. சாணி போட்டு மூடறேன். சித்திரையில் அள்ளி வடகாட்டுக்கு அடிக்கலாம்னு இருக்கேன். எலாஸ்டிக் வராம இருந்தா அடுத்த வருசம் உங்களுக்குச் சொல்றேன்.

அடுத்த வாரம் சோளத்தட்டுதானுங்க, கட்டாயம்.